"நீ இவளுக்கு என்ன வேணும்?": காதல் நாவல் ஒன்றின் 11ஆம் அத்தியாயத்தில் நின்றுவிட்டேன்

குலசேகரத்துக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு காதல் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் நாவல். பத்து அத்தியாயம் மளமளவென்று வந்துவிட்டது. 11ஆவது மூன்று மாதமாக நகரவில்லை. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து ஆட்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். குலசேகரம் பக்கத்தில் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஒரு வீடு. அம்மா பால்வெட்டுக்குப் போகிறவள். மகள் பி.காம். முடித்துவிட்டு ரப்பர் ஷீட் வாங்குகிற கடையில் கணக்கு எழுதுகிறாள். ஒருநாள் விடியற்காலையில் வெட்டுக்கத்தி நழுவி அம்மாவின் உள்ளங்கை கிழிந்துபோகிறது. மார்த்தாண்டத்தில் தையல் போடுகிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும். கட்டு மாற்றுகிற நர்ஸ் தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரைக்காரி. மகளுக்கும் அந்த நர்ஸுக்கும்தான் காதல்.

ரப்பர் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மரத்தில் புதிதாக வெட்டுப் போடும் முன்னால், போன தடவை வடிந்து வெட்டுவாயில் உறைந்து கிடக்கும் பாலை நாடா மாதிரி உரித்து எடுப்பார்கள். பால் பிடிக்கும் சிரட்டையின் அடியில் ஒட்டியிருப்பதையும் உரிப்பார்கள். அதுதான் ஒட்டுப்பால். சாக்கில் சேர்த்து வைத்து விற்கலாம், காசு உண்டு. ஆனால் அந்த வாடை துணியில் ஏறினால் எத்தனை தடவை அலசினாலும் போகாது. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைகள் தள்ளி உட்காருவார்கள். நாவலில் மகள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் பவுடர் கொட்டிக்கொண்டு போகிறாள். மூன்றாவது தடவை போனபோது அந்த நர்ஸ் கட்டை அவிழ்த்துக்கொண்டே சொல்கிறாள்: "எனக்க வீட்டுல கருவாட்டு வாடை. ஒனக்கு இது. ரெண்டும் அலசுனா போவாது, கேட்டியா. பவுடரு வேண்டாம்." எனக்கு என் நாவலில் மிகப் பிடித்த இடம் அது.

அப்புறம் 2017 நவம்பர் 30. ஒக்கி புயல். மரங்கள் நள்ளிரவிலிருந்து ஒடிந்து விழும் சத்தம், ஓடு பறந்த வீடு, மறுநாள் வெளியே வந்தால் தோட்டமே படுத்துக் கிடக்கிறது. ஒடிந்த மரம் ஒவ்வொன்றிலும் பால் வடிகிறது. கரண்டு இல்லை, போன் இல்லை. நர்ஸின் அண்ணன் ஆழ்கடல் படகில் போயிருக்கிறான் என்பது மகளுக்குத் தெரியும். மூன்றாம் நாள் கிடைத்த வண்டியில் ஏறியும் நடந்தும் கடற்கரைக்குப் போய்ச் சேருகிறாள். கோயில் (சர்ச்) முற்றத்தில் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இவள் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறாள். ஒரு கிழவி கேட்கிறாள்: "நீ இவளுக்கு என்ன வேணும் மக்களே?"

இங்கேதான் நிற்கிறேன். அந்தக் கேள்வியில்தான் அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரிய வேண்டும். இரண்டு வருடமாகக் கைபிடித்து நடந்தவள், ஒரே இலையில் சாப்பிட்டவள், ஆனால் இது என்ன என்று தன்னிடமே கேட்காதவள்.

மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். முதலில், "ஃபிரண்டு" என்று சொல்லிவிட்டு ராத்திரி முழுக்க அழுகிறாள். நாலு பக்கம் அழுகை. எனக்கே சலித்துவிட்டது. இரண்டாவது, "நான் தன்பாலீர்ப்பு கொண்டவள்" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிறாள். வாசித்தால் அரசாங்கச் சுற்றறிக்கையை யாரோ அவள் வாயில் திணித்த மாதிரி இருக்கிறது. 2017ல் ஷீட் கடையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த வார்த்தை எப்படித் தெரியும்? மூன்றாவதில் எழுந்து கடலைப் பார்த்து ஓடுகிறாள். அது சினிமா.

கதையில் நடக்கிறதெல்லாம் எனக்கு நடந்தது இல்லை. ஒட்டுப்பால் வாடை என்னுடையது. "என்ன வேணும்" என்ற கேள்வியும் என்னிடம் கேட்கப்பட்டதுதான், வேறொரு இடத்தில், ஒரு கல்யாண வீட்டில். அன்றைக்கு நான் பதில் சொல்லாமல் பந்தி பரிமாறப் போய்விட்டேன். அதனால் என்னிடம் பதில் இல்லை. உங்களில் யாருக்காவது அந்தக் கேள்வி வந்திருந்தால், என்ன சொன்னீர்கள்? வாயால் சொன்னது வேண்டாம், உள்ளுக்குள் என்ன வார்த்தை வந்தது?

இன்னொன்று. முடிவைப் பற்றி யாரும் யோசனை சொல்ல வேண்டாம். நாவலை வாசித்த ஒரு தோழி, இந்த மாதிரிக் கதையில் ஒருத்தியாவது சாக வேண்டும், இல்லையென்றால் யாரும் நம்ப மாட்டார்கள் என்றாள். என் கதையில் யாரும் தூக்கு மாட்ட மாட்டார்கள், யாரும் பேச்சிப்பாறை அணையில் குதிக்க மாட்டார்கள். இரண்டு பேரும் இருப்பார்கள். அது முடிவு செய்தாகிவிட்டது.

கடலோரம் எழுதியது:

அக்கா, எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒக்கியை ஏன் இதற்குள் கொண்டுவர வேண்டும்? எங்கள் ஊரில் அன்றைக்குப் போனவர்கள் இன்னும் வரவில்லை. உடம்புகூடக் கிடைக்காத வீடுகள் இருக்கின்றன. அந்த முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. அந்த நாளைக் காதல் கதைக்குப் பின்னணியாக வைப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

களியக்காவிளை தமிழ் வாத்தியார் எழுதியது:

பிள்ளைக்கு என் வாழ்த்து. அந்தக் கேள்விக்கு என்னால் பதில் தர முடியாது, அது எனக்கு வந்ததில்லை. ஆனால் மொழி பற்றி ஒன்று சொல்லலாம். 31 வருடம் பத்தாம் வகுப்புக்கு இலக்கணம் எடுத்தவன் நான். உங்கள் கதையின் சிக்கல் பாதி வினைமுற்றில் இருக்கிறது.

தமிழில் ஒருவரைப் பற்றிப் பேசினால் வினையே காட்டிக்கொடுத்துவிடும். "நேற்று வந்தாள்", "நேற்று வந்தான்". எழுவாயை விட்டுவிட்டாலும் விகுதி சொல்லிவிடும். தன்மையிலும் முன்னிலையிலும் அந்தத் தொல்லை இல்லை. "நான் வந்தேன், நீ வந்தாய்" என்பதில் ஆண் பெண் கிடையாது. படர்க்கையில்தான் மாட்டிக்கொள்கிறோம். "வந்தார்", "வந்தாங்க" என்று மரியாதைப் பன்மைக்குள் ஒளிந்துகொள்ளலாம். ஆனால் உயிருக்கு உயிரானவரை வீட்டில் எத்தனை நாள் "அவங்க" என்று சொல்லிக்கொண்டிருக்க முடியும்?

இப்போது நம்ம பக்கத்துக்கு வாருங்கள். விளவங்கோட்டில் நிறையப் பேருக்கு மலையாளமும் வீட்டுமொழி. மலையாள வினைக்கு விகுதி கிடையாது. "இந்நலெ வந்நு, சோறுண்டு, பின்னெ போயி." வந்தது ஆணா பெண்ணா? வாக்கியத்தைத் தலைகீழாகப் போட்டு உதறினாலும் தெரியாது. உங்கள் கதையில் அந்தப் பெண்ணுக்குப் கேரளத்துப் பாறசாலைப் பக்கம் ஒரு குஞ்ஞம்மா (சின்னம்மா) இருந்தால், அவளிடம் போனில் மலையாளத்தில் எல்லாவற்றையும் சொல்லலாம். ஒரு பொய்யும் சொல்லாமல், ஒன்றையும் காட்டிக்கொடுக்காமல், இரண்டு வருடம் பேசலாம். வீட்டுக்குள் அம்மா வந்தவுடன் தமிழுக்கு மாறியாக வேண்டும். அப்போது அவள் வாய் என்ன விகுதி போடுகிறது என்று பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் இரண்டு பேருக்கும் பெயர் வைத்துவிட்டீர்களா? வைக்கவில்லை என்றால் வைக்காமலே விடலாம். அகத்திணையில் தலைவன், தலைவி யாருக்கும் பெயர் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு, "சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்" என்று. பெயர் சொல்லிவிட்டால் அது புறம் ஆகிவிடும். இரண்டாயிரம் வருடத்துப் பழக்கம் உங்களுக்குத் துணை நிற்கிறது. சங்கப் பாட்டில் இப்படிப்பட்ட காதல் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை, அப்படி இழுத்துப் பொருள் சொல்வது எனக்குப் பிடிக்காது. ஆனால் தலைவி தன் மனசைத் திறப்பது பெரும்பாலும் தோழியிடம்தான். அதை நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

குலசேகரத்துக்காரி எழுதியது:

சார், உங்கள் பதிலை வாசித்துவிட்டு அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கும் பாறசாலையில் ஒரு குஞ்ஞம்மா இருந்தாள். நான் அவளிடம் மட்டும் ஏன் அவ்வளவு சுகமாகப் பேசினேன் என்று இன்றைக்குத்தான் புரிகிறது. அவள் நல்லவள் என்பதால் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நல்லவள்தான். ஆனால் மொழியும் சேர்ந்து ஒத்தாசை செய்திருக்கிறது. பெயர் வைத்திருந்தேன். இரண்டையும் எடுத்துவிடுகிறேன்.

கடலோரம், நீங்கள் சொன்னதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. நான் ஒக்கியைக் கொண்டுவந்ததற்குக் காரணம் ஒன்றுதான். எங்கள் பக்கம் விழுந்தது மரம், உங்கள் பக்கம் போனது ஆள். அந்த வாரம் மலைப்பக்கத்தில் எல்லாரும் மரத்தைப் பற்றியே பேசினோம். கடற்கரைக்கு என்ன ஆயிற்று என்று எங்களில் பலர் கேட்கவே இல்லை. மலையிலிருந்து ஒருத்தியாவது இறங்கிப் போயிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நான் போகவில்லை, அவளைப் போக வைத்தேன். அது தப்பாகத் தெரிந்தால் சொல்லுங்கள், அந்த நாளை மாற்றிவிடுகிறேன்.

வலைக்காரன் எழுதியது:

தம்பி கடலோரம், உன் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளை எழுதட்டும். நான் ஏன் சொல்கிறேன் என்று கடைசி வரை வாசித்துவிட்டுச் சொல்.

தங்கச்சி, அந்தக் கிழவி அப்படிக் கேட்டிருக்க மாட்டாள். அதுதான் உங்கள் கதையில் இடறுகிறது. அந்த நாட்களில் முற்றத்தில் யார் வந்து யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் ஒருத்தரும் கேட்கவில்லை. நகர்ந்து இடம் விட்டார்கள். வந்தவர்களுக்கெல்லாம் கஞ்சி ஊற்றினோம். புயல் உருவானதே ஒரே நாளில். எங்கள் படகுகள் அதற்குப் பல நாள் முன்னாலேயே ஆழ்கடலுக்குப் போய்விட்டவை. சில படகுகள் லட்சத்தீவில் கரையேறின, சில மகாராஷ்டிரா வரைக்கும் போயின. யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது. அதனால் நாங்களே பட்டியல் எழுத ஆரம்பித்தோம்.

உங்கள் கேள்வியைக் கேட்டது அந்தப் பட்டியல்தான். பெயர், வயது, படகு, போன நாள், தகவல் சொல்பவர், உறவு. கடைசியில் அந்தக் கட்டம். பேனா பிடித்தவர்களில் நானும் ஒருத்தன். பள்ளிக்கூட பெஞ்சைக் கோயில் வாசலில் போட்டு உட்கார்ந்து எழுதினேன். வருகிற ஒவ்வொருத்தரிடமும், "நீங்க இவருக்கு என்ன வேணும்?" என்று நான்தான் கேட்டேன். பெண்டாட்டி, அம்மா, மச்சான், மாமனார். நூற்றுக்கணக்கான தடவை கேட்டிருப்பேன்.

அந்த நோட்டில் ஒரு பெயரை எழுதும்போது கை நின்றது. அவனுடைய அம்மா வந்து சொன்னாள். வயது கேட்டேன், எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டேன். உறவு: தாய் என்று எழுதினேன். எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அவனுக்கும் எனக்கும் 11 வருடம். ஒரே வலையில் வேலை பார்த்தோம், ஒரே பாயில் படுத்தோம். ஊரில் கூட்டுக்காரன்மார், அதாவது சிநேகிதர்கள், என்பார்கள். அது பொய்யும் இல்லை. அவன் வரவில்லை. அவனுக்காகப் பூசை வைத்த அன்றைக்குச் சாப்பாட்டுக்கு விறகு கீறியது நான்.

உள்ளே என்ன வார்த்தை வந்தது என்று கேட்டீர்கள். வார்த்தை ஒன்றும் வரவில்லை. அந்தக் கட்டத்தில் எழுத எனக்கு ஒன்றும் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை பாவம். அதைத்தான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்தப் பேனாவோடு உட்கார்ந்திருந்தபோது, இது பாவம் இல்லை, என் ஆளைத்தான் கடல் கொண்டுபோய்விட்டது என்று தெரிந்தது. எழுதுங்கள். அண்ணன் திரும்பி வரட்டும். கதையிலாவது ஒருத்தன் வரட்டும்.

கடலோரம் எழுதியது:

அண்ணே, எனக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை. அக்கா, நாளை மாற்ற வேண்டாம்.

நாகர்கோவில் வக்கீல் எழுதியது:

வலைக்காரன் அண்ணனுக்குப் பின்னால் சட்டம் பேசுவது சின்ன விஷயமாகத்தான் இருக்கும். ஆனாலும் கதையில் தேதி தப்பக் கூடாது என்பதால் சொல்கிறேன்.

2017 டிசம்பரில், தன்பால் உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டம் 377ஆம் பிரிவு அப்படியே இருந்தது. 2009 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் தளர்த்தியதை, 2013 டிசம்பர் 11ல் உச்ச நீதிமன்றம் மறுபடி பழைய நிலைக்கே கொண்டுபோயிற்று. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற தீர்ப்பு 2017 ஆகஸ்டில் வந்தது, அதிலேயே பாலீர்ப்பைப் பற்றியும் பேசியிருந்தார்கள். ஷீட் கடையில் இருக்கும் பிள்ளைக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் சொன்ன மாதிரி சொற்களுக்கு அரசு பட்டியல் போட்டு அரசிதழில் வெளியிட்டதே 2022ல்தான்.

2018 செப்டம்பர் 6 தீர்ப்போடு நாவலை முடிக்க ஆசை வரும். செய்யாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். அது குற்றம் இல்லை என்று சொன்னது, அவ்வளவுதான். "என்ன வேணும்" என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. 2023 அக்டோபர் 17ல் திருமண உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் நர்ஸுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும், ஆபரேஷனுக்கு முன்னால் கையெழுத்து வாங்கும் தாளிலும் "உறவுமுறை" என்று ஒரு இடம் உண்டு. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓர் ஆட்கொணர்வு வழக்கு. வீட்டார் பிடித்து வைத்திருந்த 25 வயதுப் பெண்ணை அவள் விருப்பப்படி போக விட்டார்கள். குடும்பம் அமைத்துக்கொள்ளத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தேர்ந்தெடுத்துக்கொள்ளும் குடும்பமும் குடும்பம்தான் என்று நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் எழுதினார்கள். எத்தனையோ தீர்ப்பு வாசித்திருக்கிறேன், எனக்குத் தொண்டை அடைத்தது அதை வாசிக்கும்போது.

தோவாளை அம்மா எழுதியது:

மக்களே, நான் இங்கே வாசிக்க மட்டும் வருகிறவள். எழுதிப் பழக்கம் இல்லை. பூக்கட்டிக்கொண்டே போனை நிறுத்தி வைத்து வாசிப்பேன். இதை வாசித்தபோது கையில் இருந்த பிச்சிப்பூ வாடுகிறவரைக்கும் நார் முடியவில்லை.

எனக்கு ஒரு மகள். 2019ல் ஒருநாள் சாயங்காலம் இதே திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். எனக்கு எதிராக உட்காராமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, பூவை எடுத்து எண்ணி எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கூட வேலை பார்க்கும் பிள்ளை எங்கள் வீட்டுக்கு வருவாள், போவாள், நானும் சோறு போட்டிருக்கிறேன். எனக்கு மனசில் என்னமோ தட்டுப்பட்டது. "அந்தப் பிள்ள ஒனக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். ஆமாம், நீ கேட்ட அதே கேள்வி. கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன்.

அவள் தான் இன்ன மாதிரி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அம்மா, எனக்கு அவ வேணும்" என்றாள். பூவை மறுபடி எண்ண ஆரம்பித்தாள். நாலு நாலாக.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் வேறு ஊரில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சரியாக்கிவிடலாம் என்று மாத்திரை கொடுத்தார். ஆறு மாதம் சாப்பிட்டாள். தூங்கித் தூங்கி முகம் வீங்கிப்போயிற்று. என் பிள்ளை எனக்காக அதை விழுங்கினாள். நோய் இல்லாததற்கு மருந்து கொடுத்தோம் என்று எனக்குச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை. 2021 ஜூனில் பேப்பரில் ஒரு செய்தி. மதுரையிலிருந்து போன இரண்டு பெண் பிள்ளைகளின் வழக்கு, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். இதை மாற்றுகிறேன் என்று வைத்தியம் செய்வதைத் தடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அதைவிட எனக்கு மனசில் பதிந்தது, தனக்கு இது புரியவில்லை என்று சொல்லி அவரே ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டாராம். ஜட்ஜ் போய்க் கற்றுக்கொள்ளலாம் என்றால் பூக்கட்டுகிற எனக்கு என்ன? அன்றைக்கு ராத்திரி அவளுக்குப் போன் போட்டேன். "அந்தப் பிள்ளையக் கூட்டிட்டு வா, ரசவடை போடுகேன்" என்றேன். எனக்கு வேறு எப்படிச் சொல்லவும் தெரியாது.

இப்போது இரண்டு பேரும் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். உன் கதையில் அந்த அம்மாவைக் கெட்டவளாக்காதே. நல்லவளாகவும் ஆக்காதே. கையில் தையல் போட்டுக்கொண்டு இத்தனை தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவளுக்கு, மகள் பவுடர் போடுவதை நிறுத்தியது தெரியாமலா இருந்திருக்கும்?

குலசேகரத்துக்காரி எழுதியது:

அம்மா, உங்கள் மகள் சொன்ன அந்த நாலு வார்த்தையை நான் எடுத்துக்கொள்ளட்டுமா? அவளிடம் கேட்டுச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடுகிறேன்.

"என்ன வேணும்" என்றால் உறவு. "வேணும்" என்றால் ஆசை. சின்ன வயசிலிருந்து ஒரு நாளைக்கு நூறு தடவை இரண்டையும் சொல்கிறேன், இரண்டும் ஒரே சொல் என்று ஒருநாளும் காதில் விழவில்லை. தன்னை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று அவளைத் தேட வைத்துக்கொண்டிருந்தேன். அவளிடம் யாரும் அதைக் கேட்கவே இல்லை. நம்ம ஊரில் யாரும் யாரிடமும் "நீ யார்" என்று கேட்பதில்லையே. யாருக்கு என்ன வேணும் என்றுதானே கேட்கிறார்கள்.

கிழவியின் கேள்வியை எடுத்துவிட்டேன். அவள் இப்போது நகர்ந்து இடம் மட்டும் விடுகிறாள். நேற்று ராத்திரி உட்கார்ந்து எழுதியது இது. இன்னும் சரி செய்ய வேண்டும், ஆனால் மூன்று மாதத்தில் முதல் தடவையாக எனக்கு இது பொய்யாகத் தெரியவில்லை:

"பெஞ்சுக்கு முன்னால் வரிசை நகர்ந்தது. அவள் அண்ணனின் பெயரைச் சொன்னாள், வயது சொன்னாள், படகின் பெயரைச் சொல்லும்போது குரல் உள்ளே போயிற்று. உறவு என்று கேட்டார். தங்கச்சி. எழுதிவிட்டுத் தலையைத் தூக்கியவர் என்னைப் பார்த்தார். நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?

ஃபிரண்டு என்ற வார்த்தை இரண்டு வருடமாகத் தயாராக நாக்கிலேயே இருந்தது. வாயைத் திறந்தேன். எனக்கு இவ வேணும் என்று வந்தது.

அவர் என்னைப் புரியாமல் பார்க்கவில்லை. பேனாவை ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருந்தார். அப்புறம் அந்தக் கட்டத்தில் எதையோ எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அவள் திரும்பவில்லை. என் கை அவள் கைக்குள்தான் இருந்தது. விழுந்த மரங்களில் காலையில் அம்மாவோடு சேர்ந்து உரித்த ஒட்டுப்பால் என் கட்டைவிரல் நகத்தோரம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கடலைப் பார்த்துக்கொண்டே, அவள் தன் நகத்தால் அதை மெதுவாக நெம்பினாள். ஒரு நுனி கிளம்பியது. அறுந்துவிடாமல் இழுத்தாள். முழுசாக வந்தது."

வலைக்காரன் அண்ணே, அந்த மனுஷனை உங்களை நினைத்துத்தான் எழுதினேன். உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் சொல்லுங்கள். அவர் அந்தக் கட்டத்தில் என்ன எழுதினார் என்று நான் முடிவு செய்யவில்லை, செய்யவும் மாட்டேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்த நோட்டு எப்படி இருக்கும்?

வலைக்காரன் எழுதியது:

சம்மதம்தான் தங்கச்சி.

நீல அட்டை, நீளவாக்கு நோட்டு. மறைக்கல்விப் பிள்ளைகளின் வருகைப் பதிவு அது. அவசரத்தில் கைக்குக் கிடைத்தது அதுதான். முன்னால் ஏழெட்டுப் பக்கம் பிள்ளைகளின் பெயர் இருந்தது, கிழிக்கவில்லை, மடக்கி வைத்துவிட்டு அடுத்த பக்கத்திலிருந்து எழுதினோம். அந்தப் பிள்ளைகளில் சிலருடைய அப்பா பெயர் பின்பக்கங்களில் வந்தது. பேனா கறுப்பு மை.